காலி இல்லை

இந்தக் கதையில் குருவைவிடச் சீடர் வயதில் மூத்தவர். குரு ஜெபசெல்வி, பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தின் தலைமை புரோகிராமர். சீடர் இசக்கியப்பன், பாதி ஆயுளை அச்சகத்தில் கழித்துவிட்டு, தலை நரைத்த பிறகு ரஸ்ட் என்ற கணினி மொழி படிக்க வந்தவர். துணிச்சலுக்குக் குறைவில்லை. பொறுமைக்குத்தான் பஞ்சம்.

ஒரு கண் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் இவர்களுடைய மென்பொருள் ஒரு ஃபோல்டரைத் திறந்து, ரிப்போர்ட் தயாரிக்க இடையில் தேவைப்படும் படங்களை அதில் கொட்டி வைக்கும். ரிப்போர்ட் வந்தபின் அவை வேண்டாதவை. அவற்றை அழிக்கும் புரோகிராம்தான் இசக்கியப்பனின் முதல் சொந்த வேலை.

அவர் அதை ஒரே வரியில் முடித்திருந்தார். உள்ளே இருப்பது எதுவானாலும் சேர்த்து, ஃபோல்டரை அழி.

ஜெபசெல்வி அந்த வரியைப் படித்தார்.

"இது வேண்டாம் அண்ணாச்சி. நம்ம புரோகிராம் போட்ட படத்தை மட்டும் பேர் பார்த்து அழிங்க. அப்புறம், காலி ஃபோல்டரை மட்டும் அழிக்குமே, அந்தக் கட்டளையைப் போடுங்க."

"காலியா இல்லன்னா?"

"அழிக்க மாட்டேன்னு நின்னுரும்."

"நிக்கதுக்கு ஒரு கட்டளையா மேடம்? வீட்டை இடிடான்னு அனுப்புனா, உள்ள சாமான் கிடக்குன்னு திரும்பி வாறவனை யாராவது வேலைக்கு வைப்பாங்களா?"

"எழுதிட்டுக் கேளுங்க."

முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். அலுவலகத்தில் இருந்தபடியே ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரோடு இணைந்து ஓட்டினார். ஃபோல்டர்கள் மளமளவென்று மறைந்தன. இப்படி அழிபவை குப்பைத் தொட்டியில் போய்க் காத்திருப்பதில்லை. போனது போனதுதான்.

ஒரு ஃபோல்டரில் புரோகிராம் நின்றுவிட்டது. திரையில் 'காலி இல்லை' என்று வந்தது.

"பாத்தீங்களா? நான் சொன்னேம்லா. இது ஒண்ணுக்கு மட்டும் என் பழைய வரியைப் போட்டுக்கிடட்டுமா?"

"போடுங்க. உள்ள என்ன இருக்குன்னு சொல்லிட்டுப் போடுங்க."

இசக்கியப்பன் திறந்து பார்த்தார். அவருக்குப் பழக்கமில்லாத பெயர்களில் சில படங்கள்.

"ஏதோ கண்ணு படம் மேடம்."

"யாரோட கண்ணு?"

அவருக்குத் தெரியவில்லை. ஜெபசெல்வி மேஜைமேல் இருந்த போனை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் மாரிசெல்வம் போனை எடுத்தான். இசக்கியப்பன் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பதறினான்.

"ஐயோ சார், அதைத் தொட்டுறாதீங்க! ஒரு சின்னப் பிள்ளையோட பழைய ஸ்கேன் அது. வேற ஊர்ல எடுத்தது. வெள்ளிக்கிழமை டாக்டர் புதுசோட சேத்து வச்சுப் பாத்துட்டுத்தான் ஆபரேஷனான்னு சொல்லுவாங்க."

"அதை ஏன்டே இதுக்குள்ள போட்டே?"

"வெளிய எடுத்த படத்தை உங்க சாஃப்ட்வேர் ஏத்துக்கிட மாட்டேங்குதே சார். அதான் அந்தப் பிள்ளையோட ஃபோல்டர்லயே போட்டு வச்சேன். நாங்க எல்லாரும் அப்படித்தான் செய்யுதோம்."

"வேற எங்கயும் இருக்கா?"

"அவங்க அம்மா பென் டிரைவ்ல கொண்டுவந்தாங்க. ஏத்துனதும் அதைச் சுத்தமா அழிச்சுக் குடுத்துட்டேன்."

இசக்கியப்பன் போனை வைத்தார். முதலில் அந்தப் படங்களை இன்னோர் இடத்தில் நகல் எடுத்து வைத்தார். அவை அங்கே சரியாகத் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஜெபசெல்வி பக்கம் திரும்பினார்.

"உள்ள இது இருக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"தெரியாது."

"பெறவு எப்படி அந்தக் கட்டளையைப் போடச் சொன்னீங்க?"

"தெரியாதுன்னுதான் அண்ணாச்சி போடச் சொன்னேன்."