மரகதம்மாவின் வெந்நீர்

கோத்தகிரிக்கு மேலே, மேகம் வாசல் வரை வந்து படுத்துக்கொள்ளும் ஓரிடத்தில் சின்ன மடம் ஒன்று இருந்தது. மடத்துச் சாமிக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்து மூன்று. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

சமையல் மரகதம்மாவின் பொறுப்பு. சமைப்பவர் குளிக்காமல் நெருப்பைத் தொடக் கூடாது என்பது மடத்து வழக்கம். அதனால் முப்பது வருஷமாக விடியற்காலையில் அவர் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார். அந்த ஐப்பசியில் விரல்கள் மடங்க மறுத்தன. இன்னொரு குளிர்காலம் தாங்காது, ஈரோட்டில் தங்கை மகன் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்றார். வெந்நீருக்கு ஒரு வழி பார்க்கும்படி சாமி தணிகாசலத்திடம் சொன்னார்.

தணிகாசலம் நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினார். கூரையில் சோலார் ஹீட்டர் வைத்தால் செலவு குறைவு. ஆனால் மேகம் மூடிய நாளில் தண்ணீர் சுடாது. சோலார் பலகை போட்டு கீசர் வைத்தால் விளக்குக்கும் ஆகும். ஆனால் போட்ட பணத்தை எடுக்க ஒன்பது வருஷம். வெறும் கீசர் மலிவு; மாதா மாதம் பில் வரும். மேகம் எத்தனை மணிக்கு விலகுகிறது என்று தினமும் குறித்தார். மானியத்துக்காக ஒரு மாதம் காத்திருந்தார். விலை இறங்கும் என்று யாரோ சொல்ல, இன்னும் கொஞ்ச நாள்.

“என்னங்க ஐயா, கணக்கு கொதிச்சிருச்சா?” என்று கேட்டுவிட்டு மரகதம்மா வாளியோடு போவார். தணிகாசலமும் சிரிப்பார்.

மார்கழி நடுவில் மரகதம்மா பஸ் ஏறிவிட்டார். யார்மேலும் கோபமில்லை. புளி எங்கே, உப்பு எங்கே என்று காட்டிவிட்டுத்தான் போனார்.

தை பிறந்ததும் கூரையில் ஹீட்டர் ஏறியது. குழாயைத் திறந்தால் ஆவி பறந்தது. தணிகாசலம் ஈரோட்டுக்குப் போன் செய்து கூப்பிட்டார். கை இப்போது கரண்டி பிடிப்பதில்லை என்றார் மரகதம்மா.

தணிகாசலம் நோட்டைச் சாமியின் முன்னால் வைத்தார்.

“எங்கே தப்பு பண்ணினேன், சாமி?”

சாமி ஒரு பக்கம் விடாமல் படித்தார்.

“கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.”

பிறகு எழுந்து முற்றத்துக்குப் போனார். மூன்று கல்லைக் கூட்டினார். சுள்ளி பொறுக்கிவந்து தீ மூட்டி, ஒரு குண்டான் தண்ணீரை ஏற்றினார். தணிகாசலம் பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொதித்தது.

“குளிக்காமல் நெருப்பைத் தொடக் கூடாதவர் அவர் ஒருவர்தான்” என்றார் சாமி. “நீங்களும் நானும் தொடலாம்.”

“இது எனக்குத் தோன்றவே இல்லையே, சாமி” என்றார் தணிகாசலம்.

சாமி தீயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அந்தம்மா பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்து, எனக்குத் தினமும் சுடச்சுட சுக்குக் காபி போட்டுக் கொடுத்தார், பொறியாளரே. அதைக் குடித்துக்கொண்டேதான் நான் உங்கள் கணக்குக்காகக் காத்திருந்தேன்.”