சுடுபவர் பிழை

நிலோஃபர் மாஸ்டரின் களத்தில் சுடக் கற்பதற்கு முன் சொல்லக் கற்க வேண்டும்.

குண்டு போனதும் தொலைநோக்கியில் கண்ணை வைக்கக் கூடாது. அது இலக்கில் எங்கே விழுந்திருக்கும் என்று முதலில் வாயால் சொல்ல வேண்டும். நடுவட்டம் என்றால் பத்து. விலகியிருந்தால் எத்தனை, எந்தப் பக்கம். பக்கத்தைக் கடிகாரத்தை வைத்துச் சொல்வார்கள்; மூன்று மணி என்றால் வலது, ஆறு மணி என்றால் கீழே. "எட்டு, மூணு மணி." அதற்குப் பிறகுதான் பார்க்கலாம். ட்ரிகரை அழுத்திய விரலுக்கு குண்டு எங்கே போனது என்று தெரியும். தெரியவில்லை என்றால் சுட்டவர் இன்னும் சுடவில்லை, சத்தம்தான் போட்டிருக்கிறார்.

பார்த்துவிட்டுச் சொல்பவர்களை மாஸ்டர் திட்டுவதில்லை. படுத்துச் சுடும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்.

மயிலாத்தாள் அப்படிப் பலமுறை வீட்டுக்குப் போனவள். சூலூரில் பெண்களுக்கு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். மாஸ்டரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். "இந்த வயசுல துப்பாக்கியா?" என்று கேட்ட சொந்தக்காரர்களிடம், "ஸ்டியரிங்கைப் பிடிச்சப்பவும் இதையேதான் கேட்டீங்க, வேற கேள்வியே இல்லையா உங்ககிட்ட?" என்று திருப்பிக் கேட்டவள். ஸ்கூலின் இரண்டாவது காரை விற்றுத்தான் அந்தத் துப்பாக்கியை வாங்கினாள்.

துப்பாக்கி வெளிநாட்டிலிருந்து வந்தது. ரிம்ஃபயர் வகை. சின்னத் தோட்டா, அதை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டில் ஒரு ஊசி; அது தோட்டாவின் அடிவிளிம்பில் தட்டினால் வெடிக்கும். மெட்ராஸில் இருக்கும் ஒரு ஏஜென்சி வரவழைத்துக் கொடுத்தது. அதே சரக்கில் வந்த துப்பாக்கிகளைக் கிளப்பில் இன்னும் நான்கு பேர் வாங்கியிருந்தார்கள்.

முதல் வாரம் மயிலாத்தாள், "பத்து" என்றாள். தொலைநோக்கியில் பார்த்தால் ஏழு, கீழே.

"என் தப்புதான்" என்றாள்.

மறுபடியும், "பத்து." இந்த முறை ஆறு.

படுக்கும் கோணத்தை மாற்றினாள். மூச்சை மாற்றினாள். கண்ணாடியை மாற்றினாள். காபியை நிறுத்தினாள். துப்பாக்கி எதையும் கண்டுகொள்ளவில்லை. ஒரு குண்டு ஒழுங்காகப் போகும். அடுத்தது அதன் இஷ்டத்துக்குப் போகும்.

ஒரு நாள் மாஸ்டரிடம் வந்து நின்றாள்.

"மாஸ்டர், தப்பு எப்ப என்னுது, எப்ப துப்பாக்கியோடது? அதை எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

மாஸ்டர் கிளப்பின் பழைய துப்பாக்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வார் பிய்ந்து, கட்டை கீறி, பார்க்கவே பாவமாக இருக்கும். களத்தை விட்டு வெளியே கொண்டுபோக அனுமதி இல்லாதது.

மயிலாத்தாள் படுத்துச் சுட்டாள்.

"பத்து." பத்து.

"ஒம்பது, பன்னெண்டு மணி." அதே.

"அய்யோ, ஏழு, நாலு மணி. இழுத்துட்டேன்." ஏழு, நாலு மணி.

மாஸ்டர் அவளுடைய புதுத் துப்பாக்கி கக்கிய வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சிலவற்றின் விளிம்பில் ஊசியின் தடம் ஆழமாக இருந்தது. சிலவற்றில் நகத்தால் கீறியது போல் லேசாக இருந்தது. ஊசி லேசாகத் தட்டினால் வெடி வலுவிழந்து குண்டு கீழே இறங்கிவிடும். மற்ற நான்கு பேரின் தோட்டாக்களும் அப்படித்தான்.

மயிலாத்தாள் அங்கேயே நின்று ஏஜென்சிக்கு போன் போட்டாள்.

"மேடம், எங்க துப்பாக்கி ஒவ்வொண்ணும் தொழிற்சாலையிலேயே சோதிச்சு வர்றது. இது பெரும்பாலும் சுடுபவர் பிழைதான் மேடம்" என்றது ஒரு பெண்குரல்.

"நான் சுட்டதை நீ பாத்தியா கண்ணு?"

"இல்லை மேடம்."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"மூச்சு சரியாப் பிடிக்கறீங்களா மேடம்? லேடீஸ்க்கு அது கொஞ்சம்..."

"நீயும் லேடிதானே? நீ எப்படிப் பிடிக்கறே?"

போனில் பாட்டு ஓட ஆரம்பித்தது.

அடுத்த முறை, தோட்டா சரியில்லை என்றார்கள். அவர்கள் சொன்ன தோட்டாவையே வாங்கிச் சுட்டாள். அதற்கடுத்த முறை, எண்ணெய் அதிகம் என்றார்கள். அப்புறம், ஊர் ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்.

"பனி கொட்டற ஊர்லயிருந்து வந்த துப்பாக்கிக்கு எங்க ஊர்க் காத்து ஒத்துக்கலையாம்" என்று மயிலாத்தாள் கிளப் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். "ஸ்வெட்டர் போட்டு விடட்டுமான்னு கேட்டேன். எழுதி அனுப்புங்க மேடம்ங்கறா."

அவள் போட்ட சத்தத்தில் மற்ற நான்கு பேரும் புகார் செய்தார்கள். அவர்களுக்கும் அதே பதில் வந்தது. சுடுபவர் பிழை. ஐந்து சுடுபவர்களுக்கும் ஒரே பிழை.

பிறகு ஒரு வியாழக்கிழமை ஏஜென்சியே ஆள் அனுப்பியது. பெயர் ரகோத்தமன், சர்வீஸ் மேனேஜர். இஸ்திரி கலையாத சட்டை, தோளில் கறுப்புப் பை. ஐந்து பேரும் வந்து காத்திருந்தார்கள். அவர் மயிலாத்தாளை மட்டும் தனியாக ஷெட்டின் ஓரத்துக்குக் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெளியூரில் மாநிலப் போட்டி. அதில் தகுதி மதிப்பெண் எடுத்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். துப்பாக்கி மட்டும் ஒத்துழைத்தால் இந்த வருடம் அவளுக்கு அது கிடைத்துவிடும் என்று மாஸ்டரே வாய் விட்டுச் சொல்லியிருந்தார். ரகோத்தமனுக்கும் அது தெரிந்திருந்தது.

"மேடம், பையில புது போல்ட் இருக்கு. உள்ள ஊசியும் புதுசு. பத்து நிமிஷத்துல மாட்டிடுவேன். ஞாயித்துக்கிழமை நீங்க ஜம்முனு சுடலாம்."

"மாட்டுங்க."

"ஒரு சின்ன விஷயம்."

"அதானே பாத்தேன்."

"உங்களைப் பாத்துத்தான் மத்த நாலு பேரும் ஆரம்பிச்சாங்க. அவங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போல்ட்ல எண்ணெய் அதிகமா விட்டது உங்க தப்புதான்னு."

"நான் எண்ணெய் விடவே இல்லீங்களே."

"அதனால என்ன மேடம்? யாருக்கு நஷ்டம்?"

"அந்த நாலு பேருக்கு."

"அவங்களை நாங்க அப்புறமா கவனிச்சுக்கறோம்."

"எப்படி? மூச்சை சரியாப் பிடிக்கச் சொல்லியா?"

ரகோத்தமன் கோபப்படவில்லை. பையின் ஜிப்பைத் திறந்து போல்ட்டைக் காட்டினார். எண்ணெய்த் தாளில் சுற்றி, பளபளவென்று இருந்தது. மயிலாத்தாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாஸ்டர் இருந்த இடத்துக்குப் போனாள்.

மாஸ்டர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். மயிலாத்தாள் நடந்ததைச் சொன்னாள்.

"சொல்லிடட்டுமா மாஸ்டர்?"

மாஸ்டர் பிளாஸ்கின் மூடியைத் திருகினார்.

"ஒரு வார்த்தைதானுங்களே. ஞாயித்துக்கிழமை முடியட்டும். திங்கக்கிழமை நானே எல்லாருகிட்டயும் நெசத்தைச் சொல்லிடறேன். இவனுங்க நம்மளை ஏமாத்தறப்ப நாம இவனுங்களை ஏமாத்தினா என்ன?"

மாஸ்டர் டீயை ஊதிக் குடித்தார்.

"நீங்க சொல்லுன்னா சொல்றேன். வேண்டாம்னா விட்டுடறேன்."

"நான் சொல்லி எதைக்கா கேட்டிருக்கீங்க?"

"வாதம் பண்ற நேரமா மாஸ்டர் இது?"

மாஸ்டர் டீயை வைத்துவிட்டு எழுந்து ரகோத்தமனிடம் போனார்.

"சார், நீங்க சுடுவீங்களா?"

ரகோத்தமனின் முகம் மாறியது. முதன்முறையாக அது மேனேஜர் முகமாக இல்லை.

"காலேஜ்ல மெடல் வாங்கினவன் மேடம். யூனிவர்சிட்டி டீம். வேலைக்கு வந்தப்புறம்தான் விட்டுப்போச்சு."

"மயிலக்கா துப்பாக்கியில சுடுங்க. இங்க ஒரு வழக்கம் உண்டு. பாக்கறதுக்கு முன்னாடி சொல்லிடணும்."

"எங்க கோச்சும் அதைத்தான் சொல்லுவார்" என்றார் ரகோத்தமன். சட்டைக் கையை மடித்தார். சொந்தப் பையிலிருந்தே தோட்டாக்களை எடுத்தார். பாயில் படுத்து, தோளில் கட்டையைப் பொருத்திய விதத்திலேயே மயிலாத்தாளுக்குத் தெரிந்துவிட்டது, ஆள் சும்மா சொல்லவில்லை என்று. நான்கு பேரும் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

முதல் குண்டு.

"பத்து" என்றார், யோசிக்காமல்.

மாஸ்டர் தொலைநோக்கியில் பார்த்தார். "ஏழு. ஆறு மணி."

"இருக்காதே!" என்றார் ரகோத்தமன். அவரே பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி படுத்தார்.

இரண்டாவது குண்டு. "ச்சே. ஒன்பது, பத்து மணி."

"ஒம்பது, பத்து மணி" என்றார் மாஸ்டர்.

"பாத்தீங்களா?" ரகோத்தமன் சிரித்தார். தன் தவறு சொன்ன இடத்திலேயே இருந்ததில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

மூன்றாவது குண்டுக்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டார். விரல் அசைந்ததே தெரியவில்லை.

"பத்து. சத்தியமா பத்து."

"ஆறு. ஆறு மணி."

ரகோத்தமன் படுத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். அந்த நேரத்தில் அவர் மறுபடியும் மேனேஜராக ஆனார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். மடித்த கையை இறக்கிப் பட்டன் போட்டார்.

"பழக்கம் விட்டுப்போச்சு" என்றார். "நான்தான் ட்ரிகரை இழுத்துட்டேன்."

"முதல் தடவையுமா?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

"ஆமாம் மேடம்."

"மூணாவது தடவையும்?"

"மூணாவதும்தான்."

"சத்தியமான்னு சொன்னீங்களே."

"சுடுபவர் பிழைதான் மேடம்" என்றார் ரகோத்தமன், பையைப் பார்த்து.

மயிலாத்தாள் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

நான்கு பேரில் ஒருவர் பல் டாக்டர் சேவியர். விஷயம் என்னவென்று அவர் ஊகித்திருந்தார்.

"அக்கா, அவர் கேக்கறதைச் சொல்லிட்டு போல்ட்டை மாட்டிக்கோங்க. ஞாயித்துக்கிழமை முக்கியம். நாங்க ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டோம்."

"நீங்க கோவிச்சுக்காட்டி என்னங்க டாக்டர், நான் கோவிச்சுக்குவேன்" என்றாள் மயிலாத்தாள்.

அவர்களுக்கு எதிரே வந்து நின்றாள். கார் கற்க வரும் பெண்களிடம் நடுரோட்டில் கத்தும் அதே குரல்.

"எல்லாருக்கும் சொல்றேன், கேட்டுக்கோங்க. நான் எண்ணெய் விடல. என் மூச்சு நல்லாத்தான் இருக்கு. கோயமுத்தூர்க் காத்தும் நல்லாத்தான் இருக்கு. தப்பா சுட்டப்ப எல்லாம் தப்புன்னு இதே இடத்துல கத்திச் சொல்லியிருக்கேன். நான் பத்துன்னு சொன்னது பத்து. இந்தத் துப்பாக்கிதான் சரியில்லை. உங்க துப்பாக்கியும் சரியில்லை. நாளைக்கு யார் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன். பிரேக் புடிக்காத வண்டியைக் குடுத்துட்டு, ஓட்டறவ கால் சரியில்லைன்னு சொன்னா நான் ஒத்துக்குவனா?"

"மேடம், யோசிச்சுப் பேசுங்க" என்றார் ரகோத்தமன். "நான் போய்ட்டா இந்த போல்ட்டும் போயிடும்."

"எடுத்துட்டுப் போங்க."

"ஞாயித்துக்கிழமை?"

"அதையும் சேத்து எடுத்துட்டுப் போங்க."

ரகோத்தமன் ஜிப்பை மூடினார்.

மயிலாத்தாள் பாயில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்து உறையில் போட்டாள். சேவியர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மற்ற மூவரும் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவர், இங்கே பேசிப் பயனில்லை, அடுத்து நுகர்வோர் கோர்ட்தான் என்றார். ஐவரும் சேர்ந்தே போகலாம் என்றார் இன்னொருவர்.

"மாஸ்டர்" என்று கூப்பிட்டாள் மயிலாத்தாள். "இந்த வருசம் போச்சு, இல்லீங்களா?"

"போச்சுக்கா" என்றார் மாஸ்டர்.

அவள் தலையாட்டினாள். அவள் எதிர்த்துப் பேசாமல் இருந்ததை மாஸ்டர் அன்றுதான் பார்த்தார்.

ரகோத்தமன் கார்வரை போனவர் நின்றார். கதவைத் திறந்தார், மூடினார். திரும்பி நடந்து மாஸ்டரிடம் வந்தார். ஷெட்டில் இருந்தவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சார்."

"நான் கடைசியா சுட்டது." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அது பத்துதானே?"

மாஸ்டர் ஷெட்டைக் காட்டினார்.

"அதைச் சொல்றதுக்குத்தான் அந்தக்கா ஒரு வருஷத்தைக் குடுத்துட்டு உக்காந்திருக்காங்க. அங்க போய், அவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி கேளுங்க. இவ்வளவு மெதுவாக் கேட்டா நான் பதில் சொல்லமாட்டேன்."