ஒற்றைச் செருப்பும் காணாமல் போன மணியும்

கொட்டாவிப்பட்டி ஜனங்களுக்கு மூளை கிடையாது என்று சொல்வது அபாண்டம். இருக்கிறது. ரொம்பப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், எடுத்துப் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூட வாத்தியார் பூவலிங்கமும் அதே ஊர்க்காரர்தான். வெளியூர் வாத்தியார் யாரும் அங்கே இரண்டாம் நாள் தங்கியதில்லை.

பூவலிங்கத்துக்கு ஒருநாள் திடீரென்று உற்சாகம் பொங்கியது. பள்ளிக்கூட மணியைக் கழற்றி ஒளித்து வைத்துவிட்டு, ஐந்தாம் வகுப்பிடம் வந்து, "மணியைத் திருடன் தூக்கிட்டுப் போய்ட்டான். தடயத்தை வச்சுக் கண்டுபிடிங்க பாப்போம்" என்றார். ஒளித்த இடத்தை வாய்தவறி உளறிவிடக் கூடாதே என்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் ஒளித்திருந்தார்.

வாத்தியார் மணி அடிக்காமல் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ஈ கூட வீட்டுக்குப் போகாது. சடையப்பன் என்கிற பையன் பதறி எழுந்தான். அன்று சாயங்காலம் அவன் வீட்டில் கிடா விருந்து, ஊருக்கே அழைப்பு.

"சீக்கிரம் கண்டுபிடிங்கடா, கறி ஆறிப்போகும்!" என்று அழாத குறையாகச் சொன்னான்.

முதல் தடயம், தரையில் சாக்பீஸ் தூளில் பதிந்திருந்த காலடிகள்.

"அது அழியாமப் பாத்துக்கங்க" என்றார் வாத்தியார். உடனே பேச்சி என்கிற பெண் விளக்குமாற்றை எடுத்தாள். அத்தனை காலடியையும் ஒரு துகள் விடாமல் கூட்டி அள்ளி, டிபன் பாக்ஸில் போட்டு மூடினாள்.

"இனிமே காத்தடிச்சாலும் அழியாது சார்."

"கெட்டிக்காரி!" வாத்தியார் பாக்ஸைத் திறந்து பார்த்தார். "மொத்தக் காலடியும் ஒரு கைப்பிடிதான் இருக்கு. சின்னத் திருடன்தான்."

இரண்டாவது தடயம், மணிக் கம்பத்தடியில் கிடந்த ஒற்றைச் செருப்பு. திருடன் செருப்புக்கு எங்கே போவது என்று வாத்தியார் தன்னுடையதில் ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தார். போட்டதை அப்போதே மறந்தும் போனார். காலையிலிருந்து ஒரு கால் செருப்போடு நொண்டிக்கொண்டிருந்த அந்த ஞானசூன்யத்துக்கு அதுகூட உறைக்கவில்லை.

"இது யாரு காலுக்குச் சரியா இருக்கோ, அவன்தான் திருடன்" என்றார்.

எல்லாரும் போட்டுப் பார்த்தார்கள். எல்லாருக்கும் பெரிசு.

"நீங்க ஒருத்தர்தான் சார் பாக்கி" என்றான் சடையப்பன்.

வாத்தியார் சிரித்துக்கொண்டே காலை விட்டார். சிரிப்பு நின்றுபோனது.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கேடா!"

"இன்னொரு கால்லயும் இதே செருப்புத்தான் சார் இருக்கு" என்றாள் பேச்சி. "தப்பிக்க முடியாது."

"நானா? பாத்தா நல்லவனாத்தானேடா இருந்தேன்!" வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாளாக ஒரு திருடனிடமா பிள்ளைகள் படித்தார்கள் என்று நினைக்க அவருக்கே மனசு ஆறவில்லை.

"திருடனுக்கு என்ன தண்டனை சார்?"

"மணி அடிக்கிற வரைக்கும் பெஞ்சு மேல நிக்கணும்" என்று சொல்லிவிட்டு அவரே ஏறி நின்றார். நின்றதும் பீரோ உச்சியில் இருந்த மணி கண்ணில் பட்டது. எடுத்துக்கொண்டார்.

"அடிங்க சார், வீட்டுக்குப் போகணும்!" சடையப்பன் துள்ளினான்.

"மணியை வாத்தியார்தானேடா அடிக்கணும்? நான் இப்போ திருடன்."

"மறுபடி எப்ப சார் வாத்தியார் ஆவீங்க?"

"தண்டனை முடிஞ்சு கீழ இறங்குனதும்."

"எப்ப இறங்குவீங்க?"

"மணி அடிச்சதும்."

சடையப்பன் நெற்றியைத் தடவி யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது. உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

பொழுது சாயும்போது அவன் அப்பா ஊரையே கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் 'மாணவர் தவிர வேறு யாரும் உள்ளே வரக் கூடாது' என்று எழுதியிருந்தது. எழுதியிருந்தால் அப்பீல் ஏது?

"புள்ளைய வச்சுட்டு விருந்து திங்க மனசு வரல சார். எங்களையும் சேத்துக்கங்க" என்று சன்னல் வழியாகக் கெஞ்சினார்.

திருடன் சேர்க்கை போடக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பூவலிங்கம் பெஞ்சு மேல் நின்றபடியே ஊர் மொத்தத்தையும் ஐந்தாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். ஜனங்கள் வரிசையாக வந்து, கைகட்டி உட்கார்ந்தார்கள்.

சடையப்பன் சுற்றிப் பார்த்தான். விருந்துக்கு அழைத்தவர்களில் ஒருவர் பாக்கியில்லை. அவன் முகம் தெளிந்துவிட்டது.

"எல்லாரும் இங்கதான இருக்காங்க! இனிமே விருந்துக்கு நமக்கு லேட்டே ஆகாதுப்பா!"

"அட, ஆமாடா!" என்று அவன் அப்பா நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டார்.