தொண்ணூறு நாள் எரு

பச்சைமலை அடிவாரத்தில் ஒரு கருப்பசாமி கோயில் இருந்தது. அங்கே பலி கொடுப்பது நின்று வெகுகாலம் ஆகிறது. ஆனால் வேண்டுதல் நிற்கவில்லை. நேர்ந்துகொண்ட கோழியின் காலைக் கட்டிக் கொண்டுவருவார்கள். கோயில் வாசலில் கட்டை அவிழ்த்து விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள்.

அந்தக் கோழிகள் பக்கத்துக் குடிலுக்கு வந்து சேரும். குடிலில் இருந்தவர் அங்கம்மாள். வயது நாற்பத்து மூன்று. அவரைத் தேடி வருகிறவர்கள் அவரைக் குரு என்பார்கள். அவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. கேள்வி கேட்டு வருகிறவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார். அதனால் பொழுதுபோகாமல் கேள்வி கேட்க வருகிறவர்கள் குறைவு.

அப்போது இருபத்திரண்டு கோழிகள் இருந்தன. குடிலில் கறியும் கிடையாது, முட்டையும் கிடையாது. முட்டையை ஊரில் உள்ள பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். குடிலுக்கு மிஞ்சுவது எச்சம் மட்டும்தான். தோட்டம் அதில்தான் விளைந்தது.

தெய்வசிகாமணி அங்கே சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபது. குருவைவிடப் பதினேழு வயது மூத்த சீடர். துறையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். அவர் ஓய்வு பெற்ற அதே மாதத்தில் மனைவி காலமானார். வீட்டில் தனியாக இருக்க முடியாமல் குடிலுக்கு வந்துவிட்டார்.

வந்த மூன்றாம் நாள் காலையில், அங்கம்மாள் கோழிக்கூட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது தெய்வசிகாமணி அவரிடம் கேட்டார்.

"உண்மையைச் சொல்றது தப்பாம்மா?"

"யார்கிட்ட சொன்னீங்க?"

"என் மக செந்தாமரைகிட்ட. நாமக்கல்ல இருக்கா."

"என்ன சொன்னீங்க?"

"என் சம்சாரத்தோட பதினாறாம் நாள் காரியம். சொந்தக்காரங்க எல்லாம் இருந்தாங்க. இவ மாலை போட்ட படத்துக்கு முன்னாடி உக்காந்து அழுதா. எனக்குத் தாங்கல. ஒங்கம்மா படுத்த படுக்கையா கெடந்த ஒம்பது மாசத்துல நீ வந்தது மூணே தடவ, இப்ப என்ன அழுகைன்னு கேட்டுட்டேன்."

"அவங்க?"

"கொழந்தையத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டா. ஏழு மாசம் ஆச்சு. ஒரு வார்த்தை இல்ல." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் சொன்னதுல ஒரு எழுத்து பொய் இல்லம்மா. மூணு தடவைக்கும் தேதி சொல்லுவேன்."

அங்கம்மாள் தேதி கேட்கவில்லை.

"கத்திரிப் பாத்திக்கு எரு வைக்கணும் ஐயா. கொட்டகையில இருக்கறதுல ரெண்டு கூடை எடுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, கால் வீங்கிய ஒரு கோழியைப் பார்க்கப் போய்விட்டார்.

தெய்வசிகாமணி கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார். கறுப்பாக, உதிரியாக ஒரு குவியல் கிடந்தது. முகர்ந்தால் வாடையே இல்லை. இது வெறும் மண், அம்மா கவனப் பிசகாகச் சொல்லிவிட்டார் என்று முடிவு செய்தார். முப்பத்தாறு வருடம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியவர். குரு சொன்னதை மட்டும் விடுவாரா? மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, நீளக் காம்பு போட்ட மண்வெட்டியால் கூட்டுக்கு அடியில் கிடந்த புது எச்சத்தைச் சுரண்டினார். ரெண்டு கூடை என்றால் நான்காகப் போடுவோம் என்று நான்காகப் போட்டுத் தண்ணீரும் விட்டார்.

ஐந்தாம் நாள் கத்திரி இலைகளின் ஓரம் பழுப்பானது. பத்தாம் நாள் பாத்தி முழுவதும் கருகித் தலை சாய்ந்துவிட்டது. பூ விட்டிருந்த செடிகள். தெய்வசிகாமணிக்கு அழுகை வந்தது. நாலு பேர் சாப்பிட வேண்டியதைக் கெடுத்துவிட்டோமே என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கூட்டுக்கு அடியில இருந்ததைப் போட்டீங்களா?" என்று கேட்டார் அங்கம்மாள்.

"ஆமாம்மா. நல்ல எருதான்மா. ஒரு கல்லு, ஒரு தூசி கலக்கல. சுத்தமான எரு."

"சுத்தமான எருதான். இல்லேன்னு யார் சொன்னா?"

தெய்வசிகாமணி கருகிய செடிகளைப் பார்த்தார்.

"பச்சையா போட்டுட்டேன்" என்றார்.

அங்கம்மாள் செடிகளைப் பிடுங்கத் தொடங்கினார். அவரும் சேர்ந்து பிடுங்கினார்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் தெய்வசிகாமணி நினைத்தார். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. உண்மை தப்பில்லை, பச்சையாக இருந்ததுதான் தப்பு. கொஞ்ச காலம் போனால் சரியாகிவிடும். மனைவியின் தலைத் திவசத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அதற்குள் மகள் மனம் மாறி வந்து நிற்க வேண்டும். உலகத்தில் அவருக்கு இப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"இந்த எச்சம் எருவாக எத்தனை நாள்மா ஆகும்?" என்று அன்று மாலையே கேட்டார்.

"மக்கினா எரு."

"ஒரு கணக்கு வேணுமில்ல?"

"சருகு, கடலைத்தோல் எல்லாம் கலந்து போடுங்க. காஞ்சா தண்ணி தெளிங்க. அப்பப்ப கிளறி விடுங்க. கைய விட்டுப் பாத்தா தெரிஞ்சிரும்."

இந்தப் பதில் தெய்வசிகாமணிக்குத் திருப்தியாக இல்லை. கையை விட்டுப் பார்ப்பதெல்லாம் ஒரு அளவா? குடிலில் கிடந்த பழைய வேளாண்மைப் பத்திரிகை ஒன்றைத் தேடி எடுத்தார். தொண்ணூறு நாள் என்று அச்சில் இருந்தது. கிளற வேண்டும், ஈரம் வேண்டும் என்பதும் அதே பக்கத்தில் இருந்தது. அவர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்.

மதிலோரம் ஒரு குவியல் போட்டார். சருகும் கடலைத்தோலும் சேர்த்தார். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, அட்டையில் தேதி எழுதித் தொங்கவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த நாற்றம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. காலண்டரில் மட்டும் தினமும் ஒரு நாளை அடித்துவந்தார்.

ஒருநாள் குவியலைக் கடந்துபோன அங்கம்மாள் நின்றார்.

"காஞ்சு கெடக்கே ஐயா."

"இன்னும் அம்பத்திரண்டு நாள் இருக்கும்மா" என்றார் தெய்வசிகாமணி.

அங்கம்மாள் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

மகளுக்கும் அவர் அதே காலண்டரைத்தான் வைத்திருந்தார். செல்போனை எடுப்பார். செந்தாமரை பெயர் வரை போவார். ஆறட்டும் என்று வைத்துவிடுவார். இப்படி வைக்கும்போதெல்லாம் தான் ரொம்பப் பக்குவப்பட்டுவிட்டதாக அவருக்கு ஒரு நிறைவு வேறு இருந்தது.

தொண்ணூற்றோராம் நாள் குளித்து, திருநீறு பூசி, மண்வெட்டியோடு மதிலோரம் போனார். புதிதாக நட்ட மிளகாய் நாற்றுக்கு அந்த எருவைத்தான் வைப்பது என்று இருந்தார். அங்கம்மாளையும் கூப்பிட்டிருந்தார். பிள்ளைகள் விடைத்தாளைக் காட்ட நிற்பதுபோல நின்றார்.

குவியலின் மேற்பரப்பு வெளுத்து, பார்க்க மண்ணாகத்தான் இருந்தது. கூடையை எடுத்தார்.

"இருங்க. கைய உள்ள விடுங்க" என்றார் அங்கம்மாள்.

"மண்வெட்டியால எடுத்துக் காட்டறேன்மா."

"கைய விடுங்க ஐயா."

தெய்வசிகாமணி தயங்கினார். சட்டைக் கையை மடித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை முழங்கை வரை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் வெளியே இழுத்தார். போன வாரம் பெய்த மழையில் நனைந்து குவியல் இப்போதுதான் சூடு பிடித்திருந்தது. உள்ளே எல்லாம் போட்ட மாதிரியே பிசுபிசுவென்று கிடந்தது. கிளம்பிய நெடியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தொண்ணூறு நாள் ஆச்சேம்மா!"

"ஆச்சு. ஒரு தடவ கிளறினீங்களா?"

"இல்ல."

"தண்ணி தெளிச்சீங்களா?"

"இல்லம்மா."

"பின்ன என்ன செஞ்சீங்க?"

தெய்வசிகாமணி அட்டையைப் பார்த்தார்.

"நாள் எண்ணினேன்" என்றார்.

அங்கம்மாள் அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, குவியலை ஒரு பக்கத்திலிருந்து வெட்டிப் புரட்டத் தொடங்கினார். புரட்டப் புரட்ட நெடி அதிகமானது. கோழிகள் ஐந்தாறு ஓடிவந்து, புரண்டதில் புழு தேடின.

தெய்வசிகாமணி கையைக் கழுவக்கூடப் போகாமல் நின்றார்.

"அம்மா, திவசத்துக்கு இன்னும் நாப்பது நாள்கூட இல்ல. அவ வரமாட்டா போலிருக்கு."

"ஏன் மூணு தடவதான் வந்தாங்கன்னு அவங்களைக் கேட்டீங்களா?"

"இல்ல. கேக்கலம்மா, சொன்னேன்" என்றார்.

அங்கம்மாள் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"கையக் கழுவிட்டு வந்து போன் பண்ணிக் கேக்கறேன்" என்றார் தெய்வசிகாமணி.

"கழுவப் போனா அப்படியே காலண்டர் பக்கம் போயிருவீங்க. இப்பவே பண்ணுங்க."

தெய்வசிகாமணி அழுக்குப் படாத இடது கையால் செல்போனை எடுத்தார். எண்ணை அழுத்திவிட்டுக் கிணற்றடிப் பக்கம் நடந்தார். அவர் ஒரே ஒரு வாக்கியம் பேசுவது கேட்டது. அப்புறம் அவர் குரலே கேட்கவில்லை. ஒரு தடவை எதையோ மறுக்கப்போகிறவர்போல விரலை உயர்த்தினார். அந்த விரல் எருவோடு அப்படியே நின்று, மெதுவாக இறங்கியது.

குவியலில் பாதி புரள்வதற்குள் திரும்பி வந்துவிட்டார். வந்தவர் தரையில் உட்கார்ந்தார்.

"மூணு தடவ இல்லம்மா."

"பின்ன?"

"பதினாலு தடவ வந்திருக்கா. நான் ஸ்கூலுக்குப் போனப்புறம் பஸ்ல வந்து எறங்கி, நான் வர்றதுக்குள்ள கெளம்பிப் போயிருக்கா. நான் இருந்தா அவளை ஏதாவது சொல்லுவேனாம். சீக்காளி முன்னாடி சண்டை வேணாம்னு அவங்கம்மாவே சொல்லிக்குடுத்திருக்கா."

அங்கம்மாள் கேட்டுக்கொண்டே மண்வெட்டியை வீசினார்.

"வந்து அவங்கம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரிப் பின்னி விட்டுட்டுப் போவாளாம். நான் சாயங்காலம் வந்து என் சம்சாரத்துகிட்ட, இன்னைக்கு நீயே எந்திரிச்சுத் தலை வாரிட்டியான்னு கேட்டிருக்கேன்மா. அவ சிரிச்சிருக்கா. முப்பத்தாறு வருஷம் வருகைப் பதிவேடு எடுத்தவன் நான். என் வீட்டுக்கு யார் வந்து போனாங்கன்னு எனக்குத் தெரியல."

அவர் அழுதார். எருக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே அழுதார்.

"மக என்ன பண்றாங்க இப்ப?" என்று கேட்டார் அங்கம்மாள்.

"அழறா. ரொம்ப அழறா. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. கொஞ்சம் ஆறட்டும்னு போனை வெச்சுட்டேன்."

அங்கம்மாள் மண்வெட்டியை நிறுத்தினார்.

"பாதி கிளறிட்டு விட்டா நாத்தம்தான் ஐயா மிஞ்சும். மறுபடி போனைப் போடுங்க."