டெல்லி எல்லையும் நல்லி எலும்பும்

கிட்ட வந்து உக்காருங்க. தள்ளி உக்காந்தா குழம்பு வாசம் எட்டாது. வாசம் எட்டலைன்னா இந்தக் கதையில பாதி போச்சு.

நாமக்கல்லுல ஒரு லாரிப் பட்டறை. ஞாயித்துக்கிழமையானா டிரைவருங்க கூடிக் கறி ஆக்குவாங்க. சட்டியில நல்லி எலும்பு ஒண்ணே ஒண்ணுதான். ரொம்பத் தூரம் போய்த் திரும்பினவருக்கு அது. பட்டறைச் சட்டம் அப்படி. கொச்சிக்குப் போய் வந்த செங்கோடன், இந்தத் தடவை நமக்குத்தான்னு நாக்கைத் தீட்டிக்கிட்டு வந்தான். பார்த்தா, டெல்லிக்கு முட்டை லோடு ஏத்திட்டுப் போன ராசப்பண்ணன் தட்டோட முன்னாடியே உக்காந்திருக்காரு!

வயிறு எரிஞ்சுது. ஆனாலும் சிரிச்சுக்கிட்டே கேட்டான்: "டெல்லி எப்படிங்ணா?"

"அதை ஏன் கேக்கற! இந்தப் பக்கம் சவரம் பண்ணிட்டு ரோட்டுக்குக் குறுக்க நடந்தேன். அந்தப் பக்கம் சேரும்போது தாடி நெஞ்சைத் தொட்டுருச்சு."

"குளிருங்ணா?"

"பனிமூட்டத்துல ஆணி அடிச்சு லுங்கி காயப்போட்டேன். செவுத்துல இல்லடா, பனியில! வெயில் வந்தப்புறந்தான் ஆணி கீழ விழுந்துச்சு. குதுப்மினார் ஏறுறப்ப, பாதியில நிலா வந்துச்சு. ஒதுங்கி வழி விட்டேன்."

பஞ்சர் ஒட்டற மாரப்பன் தலையில அடிச்சுக்கிட்டான். அண்ணன் விடல.

"அங்க ஒரு ரவுண்டானா. லோடோட உள்ள திரும்பினேன். சுத்தறேன், சுத்தறேன்... முட்டை பொரிஞ்சு, குஞ்சு கோழியாகி, கோழி முட்டை போட்டுருச்சு. சொன்ன முட்டையை ஒண்ணு குறையாம எறக்கினேன்!"

"கோழிங்க என்னாச்சு?"ன்னான் மாரப்பன்.

"வெளிய வர வழி தெரியாம இன்னும் சுத்துதுங்க, பாவம்."

அதுக்குள்ள பரிமாறுறவன் கரண்டி நல்லியைத் தூக்கிடுச்சு. செங்கோடன் அவசரமா, "ஊரு எதுவரைக்குங்ணா இருக்குது?"ன்னான்.

"எதுவரைக்குமா? நான் திரும்பறேன், அது என் பின்னாலயே வளந்துக்கிட்டு வருது! நாக்பூருல திரும்பிப் பார்த்தேன், டெல்லி. சேலத்துல டீ குடிச்சேன், பின்னாடி டெல்லி. இப்ப நம்ம டோல்கேட்டுக்கு அந்தாண்ட நிக்குதுடா!"

"நெசமாலுமா?"

"இந்த நல்லி மேல சத்தியம்!"

"அப்ப நீங்க போனது பக்கத்து ஊருங்ணா. நான் கொச்சிக்குப் போனவனுங்."

பட்டறையே கொல்லுனு சிரிச்சுது. அண்ணன் இல்லைன்னா சத்தியம் பொய்யின்னு ஆயிரும், ஆமான்னா எலும்பு போயிரும். தட்டைச் செங்கோடன் பக்கம் தள்ளினாரு.

செங்கோடன் கரண்டியில இருந்த நல்லியை எடுத்தான். தட்டு ஓரத்துல ரெண்டு தட்டுத் தட்டி, ஒரே உறிஞ்சா உறிஞ்சினான்.