தோணிக்கு ஒரு சின்னப் படகு

"பயமா இருக்கு ஆசானே," என்றார் பெர்க்மான்ஸ்.

சலேத் தலை நிமிரவில்லை. கரையோரப் பட்டறையில் ஒரு படகு மோட்டாருக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தாள். அவளிடம் மோட்டார் வேலை படித்தவர்களில் பெர்க்மான்ஸ்தான் மூத்தவர். ஆசானைவிடப் பன்னிரண்டு வயது கூட.

"எதுக்கு அண்ணே பயம்?"

"முதல் தடவையா தோணிக்குத் தலைவனா, தண்டலாப் போறேன். ஆறு பேரு உசுரு என் கையில. தூத்துக்குடியில பாய் விரிச்சா மாலத்தீவுலதான் கரை. தோணி முழுகிட்டா, கூடக் கட்டிப்போற சின்னப் படகுதான் மிச்சம். அதை என்னையே பார்த்து எடுக்கச் சொல்லிட்டாரு முதலாளி."

"பார்த்தீங்களா?"

பட்டறைக்கு முன்னால் தண்ணீரில் இரண்டு படகுகள் விலைக்கு நின்றன. ஒன்று அகலம். அதில் எட்டு எச்.பி. மோட்டார். மற்றது ஒடுக்கம். அதில் நாற்பது எச்.பி.

பெர்க்மான்ஸ் ஒடுக்கமானதைக் காட்டினார்.

"ஏன்?"

"சீக்கிரம் தப்பிச்சிரலாம்."

"ஓட்டிக் காட்டுங்க."

கூட வந்திருந்த தன் தோணி ஆட்கள் ஆறு பேரில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். படகு பறந்தது. திரும்பி வந்தபோது முகத்தில் பாதிப் பயம் போயிருந்தது.

"இப்ப மீதிப் பேரையும் ஏத்துங்க," என்றாள் சலேத்.

ஏழு பேர் ஆனார்கள். படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இரண்டு விரல்தான் இடைவெளி. மோட்டார் அலறியது. படகு எழும்பவில்லை. பின்பக்கமாகத் தண்ணீர் உள்ளே வந்தது.

"நான் நீந்தி முன்னாடி போயி உலை வைக்கேன் தண்டலே," என்றார் தோணியில் சமைக்கிற கயித்தான்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"அதனால என்ன," பெர்க்மான்ஸ் அவசரமாகச் சொன்னார். "வேகமான படகுதானே. முதல்ல நாலு பேரு போயிட்டு, உடனே திரும்பி வந்து மத்தவங்களை ஏத்திக்கலாம்."

"சரி அண்ணே. முதல்ல யாரு யாரு?"

"அது... அப்பப் பார்த்துக்கலாம்."

"அப்ப தோணி முழுகிட்டு இருக்கும். இப்பவே சொல்லுங்க. எல்லாரும் இருக்காங்கல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது.

ஆறு முகமும் பெர்க்மான்ஸைப் பார்த்தன. அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

கயித்தான் மெல்லக் கேட்டார்.

"நான் முதல்லயா, பிறகா தண்டலே?"

"ஏழு பேரும் ஒண்ணா ஏறுற அந்த அகலப் படகே போதும் ஆசானே," என்ற பெர்க்மான்ஸ் குனிந்து, நாற்பது எச்.பி. மோட்டாரைப் படகோடு பிடித்திருந்த திருகைக் கழற்ற ஆரம்பித்தார்.