மகாராஜா அடித்த அடி

கொன்றைவாடி மகாராஜா பூபதிக்குப் பிடிவாதம் பிறவியிலேயே உண்டு. பில்லியர்ட்ஸ் நாற்பது வயதில் வந்து சேர்ந்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்த மேஜையை, அரண்மனைச் சுவரை இடித்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து ஆறு மாதமாக மகாராஜா கோலும் கையுமாக நிற்கிறார். சமஸ்தானமே அவர் சொல்லுக்குக் கட்டுப்படும், கோலால் தட்டும் அந்த வெள்ளைப் பந்து மட்டும் கட்டுப்படாது. பச்சைத் துணி இரண்டு முறை கிழிந்தாயிற்று. கூடத்துக் கண்ணாடிகளில் ஒன்றுகூட முழுசாக இல்லை.

சபையில் வாய்ச் சாமர்த்தியத்தால் பிழைப்பவன் சடகோபன். மற்ற உத்தியோகஸ்தர்கள் "பேஷ், பேஷ்" என்று சொல்லிக்கொண்டே தலையைக் குனிந்துகொள்வார்கள். இவன் மகாராஜா கோலைத் தொட்டதுமே ஒரு தூணுக்குப் பின்னால் போய்விடுவான்.

இப்படியிருக்கையில் பக்கத்து நாவலங்கோட்டை ராஜா அமிர்தலிங்கம் விருந்துக்கு வந்தார். கூடவே புரொபசர் அருளப்பன் என்ற பில்லியர்ட்ஸ் வித்தைக்காரரையும் அழைத்து வந்திருந்தார். கறுப்புக் கோட்டு, மெழுகு தடவிய மீசை, பட்டுறையில் கோல். மனுஷன் பந்தைத் தொடுவதற்கு முன்னாலேயே பாதி வித்தை முடிந்துவிடும். கோலின் நுனியில் சுண்ணக்கட்டியைத் தேய்ப்பதையே ஏதோ பூஜை மாதிரிச் செய்வார். "இது நடக்காது ஐயா, என் குருநாதராலேயே முடியவில்லை" என்று நெற்றி வியர்வையைத் துடைப்பார். அப்புறம் லேசாக ஒரு தட்டு. ஆறு பந்தும் மேஜை ஓரத்து ஆறு பைக்குள் போய் விழும். நடுவே தொப்பியைக் கவிழ்த்து வைப்பார். பந்து அதைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கத்துப் பந்தைத் தட்டும். முதுகுக்குப் பின்னால் கோலைப் பிடித்து அடித்தால், பந்து மேஜைமேல் வைத்த ஒரு புட்டியைச் சுற்றிக்கொண்டு அவரிடமே திரும்பி வரும். சடகோபனுக்கு ஒரே சந்தோஷம். இவரும் நம்ம தொழில்காரர்தான் என்று வாய் வலிக்கச் சிரித்தான்.

வித்தை முடிந்ததும் வழக்கமாகச் சொல்வதைப் புரொபசர் சொன்னார். "சபையில் யார் வேண்டுமானாலும் ஓர் அடி அடிக்கலாம். அதே அடியை நான் திருப்பி அடித்துக் காட்டுகிறேன். முப்பது வருஷமாக எந்த கிளப்பிலும் நான் தோற்றதில்லை."

மகாராஜா எழுந்துவிட்டார். ராஜா அமிர்தலிங்கத்தின் கண் பளபளத்தது. பந்தயம் என்றார். மகாராஜாவின் அடியைப் புரொபசர் திருப்பி அடித்துவிட்டால் சடகோபன் நாவலங்கோட்டைக்கு வந்துவிட வேண்டுமாம். மகாராஜா யாரையும் கேட்காமல் சம்மதம் சொல்லிவிட்டார்.

சடகோபனுக்கு விஷயம் தெரியும். ராஜா அமிர்தலிங்கம் கவி எழுதுகிறவர். விடிந்ததும் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் வாசிப்பார். அதைக் கேட்கவென்று வேலைக்கு வைத்த மூன்று பேரில் ஒருவன் காசிக்குப் போய்விட்டான். ஒருவனுக்குக் காது போயிற்று. மூன்றாமவன் தானே கவி எழுத ஆரம்பித்துவிட்டான்.

சடகோபன் புரொபசரிடம் பணிவாகப் போய் நின்றான்.

"மகாராஜா பந்து போன வழியிலேயே உங்கள் பந்தும் போகும், இல்லையா?"

"இம்மி பிசகாது."

"எத்தனை தடவையில்?"

"ஒரு தடவை போதும். மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்."

சடகோபன் மகாராஜாவின் காதோரம் போனான். நன்றாகக் குறி பார்த்துச் சிவப்புப் பந்தை மூலைப் பைக்குள் தள்ளும்படி சொன்னான். அது குழந்தைகூட அடிக்கிற அடியாயிற்றே என்று மகாராஜா முகம் சுளித்தார். "நீங்கள் தள்ளுங்கள் மகாராஜா" என்று சொல்லிவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றான்.

மகாராஜா குறி பார்த்தார். மூச்சைப் பிடித்தார். அடித்தார். கோல் நுனி வழுக்கியது. வெள்ளைப் பந்து எகிறி மேஜையின் மர விளிம்பில் ஏறியது. அதன்மேலேயே ஒரு முழம் ஓடியது. தரையில் குதித்து, வெற்றிலை துப்பும் படிக்கத்தில் ணங்கென்று மோதி, ராஜா அமிர்தலிங்கம் கழற்றி வைத்திருந்த ஜரிகைச் செருப்புக்குள் போய் அடங்கியது. சிவப்புப் பந்து அசையவே இல்லை.

யாரும் சிரிப்பதற்குள் சடகோபன் வெளியே பாய்ந்தான். புரொபசரைப் போலவே நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "பார்த்தீர்களா சபையோரே? விளிம்பிலே ஓட்டம், படிக்கத்திலே தாளம், செருப்பிலே சரணம். சிவப்புப் பந்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. இனி புரொபசர் அடிக்கட்டும்."

புரொபசர் அடித்தார். பழகின கை. சிவப்புப் பந்து அழகாகப் பைக்குள் விழுந்தது. இரண்டாம் தடவை வெள்ளைப் பந்து விளிம்பில் ஏறியது, ஓடியது, மறுபடி மேஜைக்கே இறங்கிச் சிவப்பைப் பைக்குள் தள்ளிவிட்டது. மூன்றாம் தடவை படிக்கம் ணங்கென்றது. சடகோபன் செருப்பையே எட்டிப் பார்த்தான். பந்து செருப்புக்கு ஒரு சாண் இப்பால் நின்றுவிட்டது.

"இது அடியே இல்லை, மகாராஜா தவறிப்போய் அடித்தது" என்று ராஜா அமிர்தலிங்கம் கத்தினார்.

"அப்படியானால் இன்னும் சுலபம் பிரபு" என்றான் சடகோபன். "தவறி அடிக்க வித்தை எதற்கு?"

புரொபசர் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். "முப்பது வருஷமாக இப்படி அடிக்கக் கூடாது என்றுதான் இந்தக் கையைப் பழக்கியிருக்கிறேன். இன்றைக்கு அது என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது."

மகாராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். புரொபசருக்குச் சால்வை போர்த்தினார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சடகோபனுக்குப் போட்டார். அத்தோடு விட்டாரா? இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் தாம் என்பது இன்றைக்குத்தானே அவருக்கே தெரிந்தது. மறுபடி கோலை எடுத்தார். ராஜா அமிர்தலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்து, அதே பந்தயம் இன்னொரு முறை என்றார். மகாராஜா தாராளமாகத் தலையாட்டினார்.

சடகோபன் ஓடிப்போய்க் கோலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான்.

"வேண்டாம் மகாராஜா. இந்தத் தடவை தப்பித் தவறிப் பந்து பைக்குள் விழுந்துவிட்டால் என் கதி என்ன ஆவது?"